இன்னும் தேறலீங்கய்யா

இன்று காலை கணினித் திரைக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு சிவப்புப் பனியன் துண்டு கைக்குக் கிடைத்தது. புதிதாக வந்திருக்கும் சுகன்யா மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, இது குப்பைங்களா?" என்று தூக்கிக் காட்டினாள். வாங்கி மோந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. உன் வீட்டுக்காரர் நடத்திய சின்னத் தையல் யூனிட்டில் வெட்டியது போக மிஞ்சும் துணியைப் பை நிறையக் கொண்டு வருவாய். திரை துடைக்க, டீ கொட்டினால் ஒற்றியெடுக்க, மழை நாளில் கதவுக்கு அடியில் திணிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு முறை என் கண்ணைத் துடைக்கவும் அதைத்தான் நீட்டினாய். குப்பை இல்லை என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் கிடையாது என்று தெரியும். ஆனாலும் இன்று சாயங்காலம் உதவி கமிஷனர் ஐயாவின் அறையில் நான் சொன்ன ஒரு சொல்லை உன்னிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. உன்மேல் வைத்திருந்த ஒரு பழைய கோபம் இன்றைக்குத்தான் தீர்ந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாம் இந்த அறைக்குள் வந்த கதை உனக்கு நினைவிருக்கும். குற்றப் பகுப்பாய்வுப் பயிற்சி, சென்னையில் வகுப்பு என்று ஆணை வந்தபோது யாரும் போகத் தயாராக இல்லை. கணினி வகுப்பு என்றாலே நம் ஆட்கள் லீவு போட்டுவிடுவார்கள். ஸ்டேஷன் வாசலில் பாரா டியூட்டியில் நின்றிருந்த உன்னையும், பெண்கள் உதவி மேசையில் உட்கார்ந்திருந்த என்னையும் பிடித்து அனுப்பினார்கள். அதுவரை நாம் ஒருவரையொருவர் 'ஏனுங்க' போட்டுப் பேசியவர்கள். கோயமுத்தூர் தாண்டுவதற்குள்... இல்லை, ரயில் அந்தப் பக்கம் போகாது, ஈரோடு தாண்டுவதற்குள் நீ என்னை 'அம்மிணி' ஆக்கிவிட்டாய். நான் தப்பாகச் சொன்னால் நீ இப்படித்தான் நடுவில் பிடித்துத் திருத்துவாய், அதனால் நானே திருத்திக்கொண்டேன்.

அந்தக் குளிர்ந்த ஹாலில் பாடம் எடுத்தவர், எந்தத் தெருவில், எந்தக் கிழமையில் திருட்டு நடக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், அடுத்தது எங்கே நடக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்றார். நீ என் காதில், "சோசியக்காரனுக்கு யூனிபார்ம் மாட்டி உட்ட மாதிரி இருக்குதம்மிணி" என்றாய். நான் சிரித்ததில் அவர் பாடத்தையே நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆனால் மதிய இடைவேளையில் அவரைச் சுற்றி நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டவளும் நீதான். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் கடற்கரை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் இந்த அறையைக் கொடுத்தார்கள். பழைய பைல்கள் கிடந்த அறை. பீரோக்களை நகர்த்த இடம் இல்லாததால் ஜன்னலை மறைத்தே நிறுத்தினார்கள். கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும். முதல் வாரமே நாம் இருவரும் உள்ளே மாட்டிக்கொண்டோம், வெளியே டீ கொண்டு வந்தவர் தோளால் இடித்துத் திறந்துவிட்டார். "லாக்கப்புல கூட சன்னல் வெச்சிருக்கறாங்க அம்மிணி, நமக்கு அதுவுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நீ டீயை வாங்கினாய். வெளியே நின்றவர்களுக்கு நம்மைப் பார்த்துப் பொறாமை. பந்தோபஸ்து இல்லை, வெயில் இல்லை, ஏசி அறை. நாமும் சில மாதம் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

பயிற்சி கொடுத்தவர்கள், சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள், தொடர்ந்து உதவுவோம் என்று ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணில் இருந்தவர் மாற்றலாகிப் போனார். வகுப்பில் கூட இருந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மட்டும் வந்தன. கணினிக்குப் பாஸ்வேர்டு வருவதற்கே மாதக்கணக்கில் ஆனது. நீ காத்திருக்கவில்லை. ஊரின் பெரிய வரைபடம் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டி, உன் பையிலிருந்த பனியன் துண்டுகளைப் பொடிப்பொடியாக வெட்டிக் குண்டூசியில் குத்தினாய். செல்போன் பறிப்புக்குச் சிவப்பு, பைக் திருட்டுக்கு நீலம், வீடு உடைப்புக்கு மஞ்சள். பார்க்க வந்த அதிகாரிகளுக்கு, பிறகு நாம் போட்ட கணினிப் படத்தைவிட அந்தத் துணி வரைபடம்தான் பிடித்திருந்தது.

அந்தச் சிவப்புத் துண்டுகள்தானே நம்மை மாட்டிவிட்டன. ஒரு பெரிய கம்பெனியின் ஆபீஸ் வாசலில் மட்டும் குண்டூசி குத்த இடமில்லாத அளவுக்குச் சிவப்பு. எல்லாம் சனிக்கிழமை, சம்பள நாள். உடனே அந்த வாசலில் ரோந்து போட்டார்கள். அகலமான ரோடு, லைட்டு வெளிச்சம், வாசலில் இரண்டு வாட்ச்மேன்கள். அங்கே போய் நின்ற நம் ஆட்களுக்கு வாரா வாரம் வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். ஒரு திருடனும் சிக்கவில்லை, சிவப்பும் குறையவில்லை. மீட்டிங்கில் நம்மைத்தான் முறைத்தார்கள்.

நீ சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாய். "அம்மிணி, அந்தப் புள்ளி அங்க எப்படிப் போச்சுன்னு நாம கேக்கவே இல்லயே" என்றாய். மறுநாள் சனிக்கிழமை. டியூட்டி முடிந்து இருவரும் சுடிதாரில் உன் ஸ்கூட்டியில் மண்ணரைக்குப் போனோம். செல்போனைப் பறிகொடுத்த ஒடிசாக்காரப் பையன் ஒருவன் அங்கே தையல் யூனிட்டில் வேலையில் இருந்தான். உன் வீட்டுக்காரர் யூனிட்டில் கற்ற அரைகுறை இந்தியில், "பையா, கிதர் சோரி ஹுவா?" என்று பறிபோன இடத்தைக் கேட்டாய். அவன் தமிழில் பதில் சொன்னான்: "அக்கா, ஓடைப்பக்கம் அக்கா. இருட்டு வழி. ஸ்டேஷன்ல எங்கேன்னு கேட்டாங்க, எனக்குத் தெரு பேரு தெரியல. கார்டு காட்டுன்னாங்க, காட்டினேன்."

அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நீ திருப்பிப் பார்த்தாய். அதில் கம்பெனி ஆபீஸ் முகவரி அச்சாகியிருந்தது. நம் ஊரில் ஆபீஸ் ஒரு பக்கம், துணி பின்னும் நிட்டிங் ஒரு பக்கம், தையல் யூனிட் இன்னொரு பக்கம் என்று கம்பெனி ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும், அட்டையில் ஆபீஸ் முகவரி மட்டும்தான் இருக்கும். ஸ்டேஷனில் புகார் எழுதியவர் அதையே சம்பவ இடமாக எழுதிவிட்டார். அப்படி எழுதிய எல்லாப் புகாரின் புள்ளியும் அந்த ஒரே வாசலில் போய் விழுந்திருந்தது. நீ அங்கேயே நின்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நம் ஆட்கள் வாரா வாரம் வாங்கிக் குடித்த டீதான் நினைவுக்கு வந்தது.

ரோந்தை ஓடைப்பாதைக்கு மாற்றிய பிறகு ஆட்கள் சிக்கினார்கள். நமக்குப் பெயர் வந்தது. பெயர் வந்ததும் கதவு சாத்திக்கொண்டது என்பதுதான் அப்போது நமக்குத் தெரியவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவரையும் நகர்த்தக் கூடாது என்றார்கள். நீ பெருமாநல்லூருக்கு மாற்றல் கேட்டு மனு போட்டிருந்தாய், மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று. நான் எங்கள் ஊர் இருக்கும் குண்டடம் பக்கம் கேட்டிருந்தேன். அப்பாவுக்கு அப்போதே ரத்தக் கொதிப்பு, அம்மா ஒருத்தியால் தோட்டத்தையும் அவரையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. மனு போகும், திரும்பி வரும். மாற்று ஆள் பயிற்சி பெற்ற பின் பரிசீலிக்கலாம் என்று ஒரே பதில். மாற்று ஆள் என்று ஒருவர் வருவார், திருவிழா பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. உதவி கமிஷனர் ஐயா நம் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஒருவரை விடுவிக்க மேலிடத்தில் சரி என்றுவிட்டார்கள், உன் மனுதான் முந்தியது என்றார். உன்னைப் பார்த்து, "என்னம்மா, இந்தப் பொண்ணு தனியாச் சமாளிச்சுக்குமா? சமாளிக்கும்னா நாளைக்கே உனக்கு ரிலீவிங் ஆர்டர்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உனக்காவது கிடைத்ததே என்று நினைத்தேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவளுக்கு இன்னும் தேறலீங்கய்யா. இன்னொரு ஆளு அனுப்புனீங்கன்னா பரவால்லீங்க" என்றாய்.

என்ன வேலை எனக்குத் தேறவில்லை? நீ செய்த எல்லாவற்றையும் நானும் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி பகலாகச் சேர்ந்து உட்கார்ந்தவள், மேலதிகாரி முன்னால் என்னை மட்டம் தட்டிவிட்டாயே என்று நெஞ்சு கொதித்தது. அறைக்கு வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "அப்படித்தான் சொல்லத் தோணுச்சு" என்றாய். நான் உன்னை முறைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் நீ வழக்கம்போல அரிசிம்பருப்பு சாதம் கொண்டு வந்தாய். டப்பா மூடியில் பாதியை வைத்து என் பக்கம் தள்ளினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்துச் சாப்பிட்டேன். பசி வேறு, கோபம் வேறு. பிறகு பேச ஆரம்பித்தோம், பழையபடி சிரித்தோம், ஆனால் அந்தச் சொல் மட்டும் எனக்குள் தைத்தபடியே இருந்தது.

நீ இறந்தது ஒரு மழைச் சாயங்காலத்தில். இந்த அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பெருமாநல்லூர் ரோட்டில் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனாய். வீடு போய்ச் சேரவில்லை. அதற்குமேல் அதை எழுத எனக்குக் கை வராது.

காரியம் முடிந்து நான் இங்கே வந்தபோது மேசையில் விபத்து வரைபட வேலை காத்திருந்தது. எந்த ரோட்டில் எங்கே விபத்து நடந்தது என்று புள்ளி வைக்க வேண்டும். உன் புள்ளியையும் நான்தான் வைக்க வேண்டும், வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. ஸ்டேஷனிலிருந்து வந்த காகிதத்தில் நால்ரோடு அருகே என்று எழுதியிருந்தது. அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. ஆனாலும் உன் குரலில்தான் கேட்டது, அந்தப் புள்ளி அங்க எப்படிப் போச்சுன்னு கேட்டியா என்று.

போய் விசாரித்தேன். ரோட்டோரம் டயர் கடை வைத்திருந்தவர் கை நீட்டிக் காட்டினார். "நால்ரோட்டுல இல்லீங்க. அதா, அந்த மில்லுக்கு எதுக்கால, ரோட்டுக்கு நடுவுல இருக்கற செவுத்த ஒடச்சு வழி உட்டிருக்கறாங்க பாருங்க, அங்கதானுங்க. லைட்டே கெடையாது. அந்தம்மாவுக்கு முந்தியும் ஆளுக உழுந்திருக்கறாங்க" என்றார். பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் நால்ரோடு அருகே என்றே இருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்து எல்லாவற்றையும் மில்லுக்கு எதிரே நகர்த்தினேன், உன்னுடையதைக் கடைசியாக. அந்த வழியை அடைத்தார்கள், லைட்டும் போட்டார்கள். மீட்டிங்கில் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, இந்த சீட் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது, இந்தம்மாவை அங்கிருந்து எடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். உன் புள்ளியைச் சரியாக வைத்ததற்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

தனியாக இருப்பது என்றால் என்ன என்று அதன்பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் என்றாலும் வர வேண்டும். கோயிலுக்குப் போனாலும் போன் வரும். அப்பா விழுந்துவிட்டார் என்று அம்மா கூப்பிட்ட அன்று மறுநாள் பெரிய மீட்டிங், படங்கள் தயாராக வேண்டும், மாற்று ஆள் இல்லை. "முடிச்சுக் குடுத்துட்டுப் போயிரும்மா" என்றார்கள். முடித்துக் கொடுத்துவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்தாராம், "கண்ணு வந்துட்டாளா" என்று இரண்டு முறை கேட்டாராம். அந்தக் குரலை நான் இனிக் கேட்கப் போவதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறேன். மற்ற நாளில் அம்மா போனை அவர் காதில் வைப்பாள். மூச்சுச் சத்தம் கேட்கும். "வந்தர்றனுங்கப்பா" என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்போது சுகன்யாவைப் பற்றிச் சொல்கிறேன். பல்லடத்துப் பக்கத்துப் பெண், போன மாதம் இங்கே அனுப்பினார்கள். பால்குடி மறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாள். வந்த அன்றே, "வெயில்ல நிக்கற வேல இல்லீங்கக்கா, எனக்கு இது போதுமுங்க" என்று சந்தோஷப்பட்டாள். அவள் கற்றுக்கொள்ளும் வேகத்தைப் பார்த்து எனக்குள் ஒரு ஆசை வளர்ந்துகொண்டே போனது. இன்று மதியம் ஒரு செல்போன் பறிப்புக்குப் புள்ளி வைத்தவள், கையை எடுத்துவிட்டு யோசித்தாள். நான் வாய் திறக்கும் முன்னால் தானே ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். "ஏனுங்கண்ணா, இது கார்டுல இருக்கற அட்ரஸுங்களா, பறிச்ச எடமுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அவள் தேறிவிட்டாள். எனக்குக் குண்டடம் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கூப்பிட்டார்கள். உதவி கமிஷனர் மாறிவிட்டார், கேள்வி மட்டும் மாறவில்லை. "என்னம்மா, இந்தப் பொண்ணு தேறிருச்சா? ஆமான்னா நாளைக்கே உன்னை ரிலீவ் பண்ணிடறேன். உங்கப்பாவுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன்" என்றார். நல்ல மனிதர், பரிவாகத்தான் கேட்டார். ஆமாங்க என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் சுகன்யா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள். பாராட்டு வரப்போகிறது என்ற நிச்சயம் அவள் முகத்தில் இருந்தது. நான் போன பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் ஒருத்திதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வரும். முடிச்சுக் குடுத்துட்டுப் போயிரும்மா என்பார்கள்.

"அவளுக்கு இன்னும் தேறலீங்கய்யா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது உன் வார்த்தை. "இன்னொருத்தரையும் அனுப்புங்கய்யா. ரெண்டு பேரையும் ஒண்ணாத் தேத்திக் குடுத்துட்டு நான் போறனுங்க. ஒருத்தரத் தனியா உட வேண்டாமுங்க."

"ஆளுக்கு எங்கம்மா போறது? பாக்கலாம்" என்றார் அவர். என் ஆணை எந்தப் பைலுக்குள் இருந்ததோ அந்தப் பைலுக்குள்ளேயே போனது.

வராந்தாவில் சுகன்யா என்னை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கு என்னக்கா தேறல? ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறனுங்கக்கா, நீங்க அப்பாகிட்டப் போங்க என்பாள். அதைக் கேட்டுவிட்டால் நான் போய்விடுவேன். நீ ஏன் கடைசிவரை காரணம் சொல்லவில்லை என்று அந்த வராந்தாவில்தான் எனக்குப் புரிந்தது. நீ சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீ பெருமாநல்லூருக்குப் போயிருப்பாய், உயிரோடும் இருந்திருப்பாய். எனக்காக நீ இந்த அறையில் தங்கினாய், நான் அதற்கு உன்னை முறைத்தேன். இத்தனை காலம் கழித்து இதை நினைத்து அழுவதற்குத்தான் அந்தச் சிவப்புத் துண்டு இன்று கிடைத்ததோ என்னவோ. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்படித்தான் சொல்லத் தோணுச்சு" என்றேன் அவளிடம். முறைத்துவிட்டுப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இனி அவள் நாலு நாள் என்னிடம் பேச மாட்டாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும், நான் அப்படித்தானே இருந்தேன்.

மதியம் வேலையில் சாப்பிட மறந்த டப்பா அப்படியே இருந்தது. அரிசிம்பருப்புதான், இப்போது நானே செய்துகொள்கிறேன். உன் கைப்பக்குவம் வரவில்லை. மூடியில் பாதியை வைத்து அவள் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது. பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்துச் சாப்பிட்டாள்.